இன்றைக்கும் 8086 ஆகவே கண் விழிக்கும் கணினி: நுண்செயலிகள் வந்த வழி

நிலாவெளி_16பிட்

எல்லோருக்கும் வணக்கம். வளாகத்தில் கணினிக் கட்டமைப்புப் பாடம் போய்க்கொண்டிருக்கிறது. விரிவுரையாளர் போகிற போக்கில் ஒன்று சொன்னார். இப்போது கடையில் வாங்கும் இன்டெல், ஏஎம்டி மடிக்கணினிகூட, பொத்தானை அமுக்கிய முதல் கணத்தில் 1978இல் வந்த இன்டெலின் 8086 செயலி மாதிரி 16 பிட் முறையில்தான் விழிக்கிறதாம். அதன் பிறகுதான் 32க்கும் 64க்கும் தாவுகிறதாம்.

பாடப்புத்தகத்தில் 4004, 8008, 8080, 8086 என்று இன்டெல் நுண்செயலிகளின் ஆண்டும் டிரான்சிஸ்டர் எண்ணிக்கையும் போட்ட அட்டவணை இருக்கிறது. பாடமாக்கினால் புள்ளி கிடைக்கும். ஒன்றிலிருந்து அடுத்தது ஏன் வந்தது என்பது மட்டும் எங்கும் இல்லை. கோடிக்கணக்கில் டிரான்சிஸ்டர் போடுகிறவர்கள் இந்தப் பழைய சுமையை ஏன் இன்னும் இறக்கி வைக்கவில்லை?

டைக்வீதி_டொரொண்டோ

தம்பி, உங்கள் சேர் சொன்னது சரி. ஆனால் அந்தச் சுமை 8086 உடன் தொடங்கியது இல்லை, இன்னும் பழையது. நான் இங்கே சிப் சரிபார்ப்பு வேலையில் இருக்கிறேன். அந்தக் காலக் கட்டளைகள் இன்றும் பிழையில்லாமல் ஓடுகின்றனவா என்று பார்க்கவே எங்களில் சிலருக்குச் சம்பளம்.

1970இல் டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் கம்ப்யூட்டர் டெர்மினல் கார்ப்பரேஷன் என்றொரு நிறுவனம் டேட்டாபாயின்ட் 2200 என்ற மேசை டெர்மினலைச் செய்தது, தூரத்துக் கணினியோடு பேசும் திரையும் விசைப்பலகையும். அதற்குள் நுண்செயலி கிடையாது. சின்னச் சின்ன லாஜிக் சிப்களைப் பலகை நிறைய அடுக்கிச் செய்த செயலி. செலவைக் குறைக்க, கணக்கை ஒரு நேரத்தில் ஒரு பிட் என்று செய்தார்கள். கூட்டலை ஒன்றாம் இடத்திலிருந்துதான் தொடங்க முடியும், ஆகவே எண்ணின் சிறிய பைட் முதலில் வர வேண்டியிருந்தது. 8086 வழி வந்த, எக்ஸ்86 எனப்படும் இன்றைய செயலி எண்களைச் சிறிய பைட் முன்னால் வரும்படி சேமிப்பதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது. பாரிட்டி கொடி என்று படித்திருப்பீர்கள். தொலைபேசிக் கம்பி வழியாக வந்த எழுத்து கெட்டுப் போகவில்லையா என்று பார்க்க ஒரு டெர்மினலுக்கு அது தேவை. உங்கள் மடிக்கணினிக்கு அநேகமாகத் தேவையே இல்லை. ஆனாலும் இருக்கிறது.

அந்தச் செயலியை ஒரே சிப்பாகச் செய்து தர முடியுமா என்று இன்டெலிடம் கேட்டார்கள். சிப் பிந்தி வந்தது, வேகமும் காணாது. வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். உரிமை இன்டெலிடம் தங்கியது, 1972இல் அதற்கு 8008 என்று பெயர் வைத்து விற்றார்கள். 1974இல் வந்த 8080 அதே மரபின் பெரிய பிள்ளை.

8086 இன்னும் வேடிக்கை. இன்டெலின் பெரிய கனவு ஐஏபிஎக்ஸ் 432 என்று பிறகு பெயர் பெற்ற 32 பிட் சிப். எல்லாமே புதிதாக, அழகாக. அது இழுத்துக்கொண்டே போனது. இடையில் ஸைலாக் என்ற போட்டி நிறுவனத்தின் இசட்80 சிப் சந்தையைப் பிடிக்கிறது. சரி, கனவு வரும்வரை எதையாவது கெதியாக இறக்குவோம் என்று 1976இல் 8086ஐத் தொடங்கினார்கள். கட்டளைத் தொகுதியை வரைந்த ஸ்டீபன் மோர்ஸ் மென்பொருள்காரர். 8080க்கு எழுதிய நிரல்களைக் கொஞ்சம் மாற்றி இதில் ஓட்ட முடிய வேண்டும் என்பது நிபந்தனை. 1978 ஜூனில், 29,000 டிரான்சிஸ்டருடன் வெளியே வந்தது. கனவுச் சிப் 1981இல் வந்து, ஆமை வேகத்தில் ஓடி, மறைந்தே போனது. இடைவெளியை நிரப்ப வந்தது இன்னும் நாற்காலியை விடவில்லை.

சீனக்குடா_சோல்டர்

டொரொண்டோத் தம்பி ஐபிஎம்மை விட்டுவிட்டார். 8086 தனியே நின்றிருந்தால் இன்றைக்கு யாருக்கும் ஞாபகம் இருந்திருக்காது.

ஐபிஎம் 1981 ஆகஸ்டில் பிசி என்ற தனியாள் கணினியை விட்டபோது 8088ஐப் போட்டது. உள்ளே 16 பிட், வெளியே 8 பிட் வழி. அதனால் சுற்றியுள்ள மலிவான 8 பிட் சிப்களை அப்படியே பயன்படுத்தலாம். மோட்டோரோலாவின் 68000 இதைவிட எவ்வளவோ சுத்தமான சிப், 1984இல் மகின்டோஷில் வந்தது. ஆனால் பிசிக்கு அவசரம், செலவு குறைய வேண்டும்.

4.77 மெகாஹெர்ட்ஸ் என்ற விசித்திர எண்ணைக் கவனித்திருக்கிறீர்களா? அமெரிக்க ரி.வி.யின் வண்ண அலைக்குத் தேவையான படிகம் 14.318 மெகாஹெர்ட்ஸ். அதை மூன்றால் வகுத்தால் 4.77. ஒரே படிகத்தில் திரைக்கும் செயலிக்கும் துடிப்பு எடுத்தார்கள், ஒரு படிகத்தின் காசு மிச்சம். அந்தக் காலத்து விளையாட்டுகள் இந்தத் துடிப்பை நம்பியே எழுதப்பட்டவை. 8086இன் வாரிசுகளான 286, 386 பெட்டிகளில் போட்டால் கண்மண் தெரியாமல் ஓடும். அதற்குத்தான் பெட்டி முகப்பில் டர்போ பொத்தான். பெயர் டர்போ, வேலை வேகத்தைக் குறைப்பது.

90களில் இங்கே திருகோணமலைக்கு வந்த பெட்டிகளுக்கு டர்போவைவிடக் கடற்காற்றுதான் பிரச்சினை. நினைவகப் பலகையின் தங்க விளிம்பில் படலம் பிடித்துவிடும், பொத்தானை அமுக்கினால் நீளமாக ஒரு பீப் மட்டும் வரும். கழற்றி அழிறப்பரால் தேய்த்துப் பூட்டினால் எழும்பும். மூதூர்ப் பக்கம் பற்றரி கொண்டுபோகவே தடை இருந்த போர்க்காலம் அது, கணினி என்றால் ஏதோ பெரிய இடத்துச் சாமான் என்று சனம் பார்க்கும்.

கிண்ணியா_பாலம்

எல்லோரும் இன்டெல், இன்டெல் என்கிறீர்கள். முதல் நுண்செயலியே இன்டெலுடையதா என்பதில் வழக்கு இருக்கிறதே? அமெரிக்காவின் எஃப்-14 போர் விமானத்துக்கு 1970இலேயே சிப் கூட்டம் ஒன்று செய்தார்கள். இராணுவ இரகசியம் என்று 1998 வரை வெளியே விடவில்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் அதே டேட்டாபாயின்ட் வேலைக்கு 1971இல் ஒரு சிப் செய்தது, 8008க்கு முன்பே. பாடப்புத்தகம் வென்றவன் எழுதியது.

டைக்வீதி_டொரொண்டோ

காக்கா, எஃப்-14இன் கணக்குப்பொறி பல சிப்கள் சேர்ந்து செய்த வேலை. டெக்சாஸ் சிப் விற்பனைக்கே வரவில்லை. ஒரே சிப்பில் முழுச் செயலி, கடையில் காசு கொடுத்து யாரும் வாங்கலாம் என்ற கணக்கில் 4004தான் முதல். 1971 நவம்பரில் விளம்பரம் செய்தார்கள்.

அதுவும் இன்டெல் தானாக யோசித்தது அல்ல. பிசிகாம் என்ற ஜப்பானியக் கல்குலேட்டர் நிறுவனம் பல சிப்கள் கொண்ட ஒரு தொகுதி கேட்டது. இன்டெல் பொறியியலாளர் டெட் ஹாஃப், ஒவ்வொரு மாதிரிக்கும் தனி லாஜிக் வரைவதற்குப் பதில், நிரலை மாற்றினால் வேலை மாறும் பொதுச் செயலி ஒன்று போதும் என்றார். யோசனை மேசையில் கிடந்தது. 1970இல் பிசிகாமின் மசடோஷி ஷிமா கலிபோர்னியா வந்து பார்த்தால் வேலை ஒன்றும் நகரவில்லை, மனிதருக்குக் கடுங்கோபம். அப்போதுதான் இன்டெலில் சேர்ந்திருந்த ஃபெடெரிகோ ஃபாஜின் அந்தக் கோபத்தையும் வாங்கிக்கொண்டு, ஷிமாவையும் கூட வைத்து வரைந்து முடித்தார். 2,300 டிரான்சிஸ்டர், 740 கிலோஹெர்ட்ஸ். சிப்பின் ஓரத்தில் தன் பெயரின் முதல் எழுத்துகளைப் பொறித்திருக்கிறார். பிறகு பிசிகாமுக்கு விலை குறைய வேண்டியிருந்தது. இன்டெல் 60,000 டாலரைத் திருப்பிக் கொடுத்து, கல்குலேட்டர் அல்லாத வேலைகளுக்கு விற்கும் உரிமையை வாங்கிக்கொண்டது. இந்தத் துறையில் இவ்வளவு இலாபமான வியாபாரம் வேறு நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கிண்ணியா_பாலம்

‘கடையில் வாங்கலாம்’ என்று நிபந்தனையைச் சேர்த்தால் யாரையும் முதலாம் ஆளாக்கலாம் தம்பி. ஃபாஜினுக்கு மரியாதை கொடுக்கலாம், அதில் தகராறு இல்லை. அவரும் ஷிமாவும் இன்டெலை விட்டுப் போய்ச் செய்த இசட்80தான் என் கட்சி. 1976இல் வந்தது, 2024இல்தான் கடைசி ஓடர் எடுத்தார்கள். கொப்பி அடிக்கிறவர்களை ஏமாற்றச் சிப்புக்குள் பொய் டிரான்சிஸ்டர்களை ஒளித்து வைத்தார் ஷிமா. மேலாகப் பார்த்தால் ஒரு மாதிரி, ஓடும்போது வேறு மாதிரி.

உவர்மலை_ரீச்சர்

உயர்தரப் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றை நடத்துகிறவள் என்ற முறையில் ஒரு குறை. 6502 என்ற 8 பிட் சிப்பை யாரும் சொல்லவில்லை. இந்த ஊரில் மிக அதிகமான பிள்ளைகள் கையால் தொட்ட செயலி அதுவாகத்தான் இருக்கும்.

மோட்டோரோலாவில் 6800 செய்த சக் பெடில், மலிவான சிப் ஒன்று செய்வோம் என்று சொல்லி எடுபடாமல், சிலரோடு வெளியேறி எம்ஓஎஸ் டெக்னாலஜிக்குப் போனார். 1975இல் 6502ஐ 25 டாலருக்கு விற்றார்கள். அப்போது 8080, 6800 போன்றவை நூற்றுக்கணக்கான டாலர். இவ்வளவு மலிவாக இருந்தால் பொய்யாகத்தான் இருக்கும் என்று சனம் சந்தேகப்பட்டது. ஆப்பிள், கொமடோர், அட்டாரி எல்லாம் இந்தச் சிப்பில் எழும்பியவை. 1983இல் வந்த நின்டென்டோ விளையாட்டுப் பெட்டிக்குள் இருந்ததும் இதன் வடிவம்தான், பதின்மக் கணக்குப் பகுதியை மட்டும் துண்டித்துவிட்டார்கள். காப்புரிமைச் சிக்கலைத் தவிர்க்கவாம்.

அந்தப் பெட்டியின் போலிகள்தான் 90களில் நம்முடைய மத்திய வீதிக் கடைகளில் தொங்கிய ரி.வி. கேம். திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே சிப் என்று கால் முளைத்த ஒன்று இருக்காது. பலகை நடுவில் கறுப்புப் பசை ஒரு சொட்டு உறைந்து கிடக்கும். அதற்கு அடியில் 6502, படம் வரையும் சுற்று எல்லாம் ஒரே துண்டு சிலிக்கன். நிலாவெளித் தம்பி, இந்தப் பக்கமும் உங்கள் அட்டவணையில் வராது.

நிலாவெளி_16பிட்

நன்றி ரீச்சர். அந்தக் கறுப்புச் சொட்டைப் பார்த்திருக்கிறேன், உடைந்துபோன இடம் என்று நினைத்திருந்தேன்!

286க்கும் விசைப்பலகைக்கும் ஏதோ தொடர்பு என்று வாசித்தேன். யாராவது விளக்குவீர்களா?

சீனக்குடா_சோல்டர்

அது சிரிப்புக் கதை. 286 வந்தது 1982இல். அதில் பாதுகாப்பு முறை என்று புதிதாக ஒன்று, 16 மெகாபைட் நினைவகம் வரை எட்டலாம். உள்ளே போக வழி இருந்தது, பழைய முறைக்குத் திரும்ப வழி வைக்கவில்லை. ஒருமுறை போனவர் ஏன் திரும்பப் போகிறார் என்று நினைத்தார்கள். ஆனால் அப்போதைய இயங்குதளமான டாஸின் நிரல்கள் எல்லாம் பழைய முறையில்தானே ஓடின. ஆகவே 286 போட்ட ஐபிஎம் ஏடி கணினியில் விசைப்பலகையைக் கவனிக்கும் சிப்பில் மிச்சமிருந்த ஒரு இணைப்புக் காலைப் பிடித்து, அதன் வழியாகச் செயலியை ரீசெட் செய்து திரும்பினார்கள். அதாவது ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்குப் போகச் செயலியை மயக்கம் போட வைத்து எழுப்பினார்கள்.

அதே விசைப்பலகைச் சிப்பின் இன்னொரு கால் நினைவக முகவரியின் 21ஆவது கம்பியைப் பூட்டித் திறக்க. 8086 ஒரு மெகாபைட் முடிந்ததும் மறுபடி பூச்சியத்துக்குச் சுற்றி வரும். அந்தச் சுற்றை நம்பி எழுதிய நிரல்கள் 286இல் குழம்பின, அதற்காக அந்தப் பூட்டு. அது எத்தனை தலைமுறைச் செயலிகளில் இருந்தது தெரியுமா!

386 (1985) வந்த பிறகுதான் மனிதர் பாவிக்கும்படி ஆனது. 32 பிட், முறை மாறிப் போகலாம் வரலாம். அதை முதலில் போட்டுப் பெரிய பெட்டி விற்றது கொம்பாக், 1986இல். ஐபிஎம் பின்னால் வந்தது. பிசியின் கடிவாளம் ஐபிஎம் கையை விட்டுப் போனது அங்கேதான் என்பேன்.

486இல் நடந்ததைச் சொன்னால் கோபம் வரும். தசமக் கணக்குப் பகுதியை முடக்கிவிட்டு 486 எஸ்எக்ஸ் என்று மலிவாக விற்றார்கள். அந்தப் பகுதி வேண்டுமென்றால் 487 என்ற துணைச் சிப்பை வாங்கிப் பக்கத்துக் குழியில் பூட்ட வேண்டும். பூட்டினால் என்ன நடக்கும்? 487 என்பதே முழு 486 தான். பழையதை ஓரங்கட்டிவிட்டு எல்லா வேலையையும் தானே செய்யும்.

உவர்மலை_ரீச்சர்

486க்கு அடுத்து வந்த பென்டியத்தின் வகுத்தல் பிழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வகுத்தலைக் கெதியாகச் செய்ய உள்ளே ஒரு வாய்ப்பாடு வைத்திருந்தார்கள், அதில் 5 கட்டங்கள் நிரப்பாமல் விடுபட்டுவிட்டன. 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும், அந்தச் சிப்பில் 1.33374 வந்தது. தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் இரட்டைப் பகா எண்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது 1994இல் கண்டுபிடித்தார். சாதாரண ஆட்களுக்கு இது படவே படாது என்று இன்டெல் முதலில் சாக்குச் சொன்னது. கடைசியில் கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றிக் கொடுத்து 475 மில்லியன் டாலர் செலவெழுதியது. பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைக் கரும்பலகையில் கொடுப்பேன், உடனே கல்குலேட்டரைத் தட்டிப் பார்ப்பார்கள்.

கிண்ணியா_பாலம்

சரி, எனக்கு நீண்ட நாள் சந்தேகம். 2000இல் ஒரு கிகாஹெர்ட்ஸ் வந்தது. 2004இல் 3.8. அந்த வேகத்தில் போனால் இப்போது 50, 100 என்று இருக்க வேண்டும். ஏன் நின்றுவிட்டது?

உவர்மலை_ரீச்சர்

இரண்டு காரணம் பின்னிக் கிடக்கிறது காக்கா.

ஒன்று, வேகத்தைக் காட்ட வேலையைத் துண்டு துண்டாக்கியது. கரைவலை இழுத்ததும் வள்ளத்திலிருந்து ஐஸ் பெட்டி வரைக்கும் ஆட்கள் வரிசையாக நின்று கூடையைக் கை மாற்றுவார்களே, அப்படி. ஆட்கள் கூடக் கூட ஒவ்வொருவர் வேலையும் சின்னதாகும், கூடை கெதியாக நகரும். பென்டியம் 4 தொடங்கியபோது 20 கட்டம், 2004இல் வந்த அதன் பிரெஸ்கொட் வடிவத்தில் 31. ஆனால் நிரலில் ‘இது உண்மையானால் அங்கே போ’ என்று வரும்போது எந்தப் பக்கம் போகும் என்று செயலி ஊகிக்கிறது. ஊகம் பிழைத்தால் வரிசையில் இருக்கும் கூடை எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். வரிசை நீண்டால் நட்டமும் நீளும்.

மற்றது சூடு. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் மின்னழுத்தத்தையும் அதே அளவு குறைக்கலாம், அதனால் ஒரே பரப்பில் சூடு கூடாது என்று ஐபிஎம்மின் ராபர்ட் டெனார்ட் 1974இல் காட்டினார். சிப்பில் டிரான்சிஸ்டர் இரட்டித்துக்கொண்டே போகும் என்று இன்டெலின் மூர் சொன்னதைப் பற்றி எல்லோரும் கதைக்கிறோம், வேகம் கூடியதற்குப் பின்னால் இருந்தவர் டெனார்ட். 2005ஐ ஒட்டி அது ஓய்ந்தது. மிகச் சிறிய டிரான்சிஸ்டர் அணைத்த பிறகும் கசிகிறது, அழுத்தத்தை இன்னும் குறைக்க முடியவில்லை. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐ இன்டெல் 2004 அக்டோபரில் கைவிட்டது. அதன் பிறகு வேகத்தை விட்டு, ஒரே சிப்பில் கோர் எனப்படும் செயலிகளின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். 2006இல் கோர் 2 வந்தது. இஸ்ரேலின் ஹைஃபாவில் இருந்த இன்டெல் குழு மடிக்கணினிக்கென்று செய்த சிக்கனமான வடிவமைப்பின் வழியில் வந்தது அது.

அந்த ஊகிக்கும் பழக்கம் பிறகு வேறு விதமாகக் கடித்தது. 2018 ஜனவரியில் வெளியான மெல்ட்டவுன், ஸ்பெக்டர் இரண்டும் செயலி முந்திச் செய்துவிட்டுப் பிறகு கொட்டிவிட்ட வேலையின் தடயத்திலிருந்து இரகசியத்தைத் திருடும் வழிகள்.

புல்மோட்டையான்

கசிவு என்றதும் எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. சிப் மணலிலிருந்து செய்வது என்று எல்லோரும் சொல்வார்கள், புல்மோட்டை மணலைக் காட்டி ‘இதுதான் கொம்பியூட்டர்’ என்பவர்களும் இருக்கிறார்கள். சிலிக்கனுக்குத் தோண்டுவது சுத்தமான குவார்ட்ஸ் கல்லை. எங்கள் கறுப்பு மணலில் இருப்பது இல்மனைட், ரூட்டைல், சிர்கோன்.

கதை சிர்கோனில்தான் இருக்கிறது. சிர்கோன் எங்கே இருந்தாலும் கூடவே கொஞ்சம் ஹாஃப்னியம் இருக்கும், இரண்டும் வேதியியலில் பிரிக்கவே கஷ்டமான இரட்டையர். அணு உலைக்குச் சிர்கோனியம் வேண்டும், ஹாஃப்னியம் கூடாது. ஆகவே பிரித்து ஒதுக்குகிறார்கள். ரீச்சர் சொன்ன கசிவில் ஒரு பகுதி, டிரான்சிஸ்டரின் வாயிலுக்கு அடியில் இருக்கும் காப்புப் படலத்தின் வழியாகப் போவது. 65 நானோமீட்டர் தலைமுறையில் அந்தச் சிலிக்கன் ஒக்சைட்டு 1.2 நானோமீட்டர்தான், சுமார் ஐந்து அணு அடுக்கு. அதற்கு மேல் மெலிதாக்க முடியாது. 2007இல் இன்டெல் 45 நானோமீட்டரில் அதை எடுத்துவிட்டு ஹாஃப்னியம் கலந்த, தடித்த படலத்தைப் போட்டது. 60களின் பிறகு டிரான்சிஸ்டரில் நடந்த மிகப் பெரிய மாற்றம் என்று கோர்டன் மூரே சொன்னார். கசிவு பெருமளவு குறைந்தது.

புல்மோட்டை மணல் கப்பலேறிப் பிறகு என்னவாகிறது என்பது வேறு சண்டை. அதை இங்கே தொடங்கினால் விடிந்துவிடும்.

நிலாவெளி_16பிட்

இது யாரும் சொல்லித் தராத சங்கதி. ஐயா, நன்றி.

அப்படியென்றால் கைப்பேசியில் இருக்கும் ஆர்ம் செயலிக்கு இந்தப் பழைய சுமை எதுவும் இல்லையா?

டைக்வீதி_டொரொண்டோ

குறைவு. காரணம் அதைச் செய்தவர்களிடம் காசு இல்லை.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏகோர்ன் என்ற சிறிய நிறுவனம், 6502 போட்ட பிபிசி மைக்ரோ செய்து விற்றவர்கள். அடுத்த கணினிக்குச் செயலி தேடினார்கள், எதுவும் பிடிக்கவில்லை. 6502இன் அடுத்த வடிவத்தைச் செய்யும் இடத்தைப் பார்க்க அரிசோனா போனால், ஒரு வீட்டுக்குள் சிலர் இருந்து வேலை செய்கிறார்கள். இவர்களால் முடியுமென்றால் நம்மாலும் முடியும் என்று திரும்பினார்கள். சோஃபி வில்சன் கட்டளைகளை வகுத்தார், ஸ்டீவ் ஃபர்பர் சுற்றை வரைந்தார். பணமும் தரவில்லை, ஆட்களும் தரவில்லை, அதனால்தான் எளிமையாகச் செய்தார்கள் என்று முதலாளி ஹெர்மன் ஹௌசரே பகிடியாகச் சொல்வார். எளிய கட்டளைகளே போதும் என்று பெர்க்லியில் அப்போது வந்துகொண்டிருந்த ரிஸ்க் ஆய்வுகளும் கை கொடுத்தன.

1985 ஏப்ரல் 26 அன்று முதல் ஆர்ம் சிப் வந்து, பூட்டியதுமே ஓடியது. 25,000 டிரான்சிஸ்டர், 8086ஐவிடக் குறைவு. மின்னோட்டத்தை அளந்தார் ஃபர்பர், அம்மீற்றர் பூச்சியம் காட்டியது. பார்த்தால் சிப்புக்கு மின்சாரக் கம்பியே சரியாகப் பொருந்தவில்லை. மற்றக் கால்களில் வரும் சமிக்ஞைகளிலிருந்து கசிந்த மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது! மலிவான பிளாஸ்டிக் உறையில் அடங்க வேண்டும் என்று சூட்டைக் குறைத்ததன் பலன். கைப்பேசி என்ற எண்ணமே அவர்களுக்கு அப்போது இல்லை. 2020இல் ஆப்பிளின் எம்1 இந்த மரபில் 1,600 கோடி டிரான்சிஸ்டரோடு வந்தது.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். சுமையை இறக்க முயன்றார்கள். 2001இல் எச்பியோடு சேர்ந்து இன்டெல் இட்டானியம் விட்டது, புதிய கட்டளைகள், பழைய நிரல் ஓட்டினால் நொண்டும். 2003இல் ஏஎம்டி பழையதன் மேலேயே 64 பிட்டை ஒட்டி ஆப்டெரான் விட்டது. சனம் ஒட்டியதை வாங்கியது. அடுத்த ஆண்டே இன்டெலும் அதையே எடுத்துக்கொண்டது. 2023இல் 16 பிட் தொடக்கத்தை நீக்கலாம் என்று எக்ஸ்86-எஸ் என்றொரு திட்டத்தை இன்டெல் முன்வைத்தது, 2024 கடைசியில் கைவிட்டது. சிப்பில் அந்தப் பழைய பகுதி பிடிக்கும் இடம் இன்றைக்கு ஒன்றுமே இல்லை. அதை எடுத்தால் எங்கேயோ ஒரு வங்கியில், ஒரு ஆலையில் எதுவோ நின்றுபோகும். அதற்கு யார் பொறுப்பு?

கிண்ணியா_பாலம்

சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடியின் குழு சக்தி என்று, ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுதியில் செயலி செய்ததே, 2018இல். ஒன்றை இன்டெலின் 22 நானோமீட்டரில் அடித்தார்கள், இன்னொன்றைச் சண்டிகரில் 180 நானோமீட்டரில். கட்டளைத் தொகுதிக்கு யாருக்கும் உரிமத் தொகை கட்டத் தேவையில்லை. தம்பி பழக வேண்டுமென்றால் அங்கிருந்து தொடங்கலாம், நிரல் திறந்தே கிடக்கிறது.

சீனக்குடா_சோல்டர்

அதோடு ஒரு 8 பிட் சிப்பையும் கையில் எடுங்கள் தம்பி. 1980இல் வந்த 8051இன் வாரிசுகள் இன்னும் எத்தனையோ சாமான்களுக்குள் உயிரோடு இருக்கின்றன. கடையில் பழைய பலகைகள் ஒரு பெட்டி நிறையக் கிடக்கிறது, சனிக்கிழமை பின்னேரம் வந்தால் எடுத்துப் போகலாம். சோல்டரிங் அயனை நீங்களே கொண்டு வாருங்கள், என்னுடையதைப் போன தடவை ஒருவர் இரவல் வாங்கிப்போனவர், இன்னும் ஆளைக் காணோம்.